ஆறு மணி வாய்தா

அரசு வக்கீல் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஒன்றரை வருடத்துக்கு மேலாக அவள் வீட்டு அரிசி டிரம்மின் அடியில் கிடக்கும் தீர்ப்பு. அதன் இன்னொரு நகல்.

அவர் பேசியது இங்கிலீஷ். புரிய வேண்டியது புரிந்தது. இதே வரி பாக்கி நோட்டீஸை எதிர்த்து இதே மனுதாரர் ஏற்கெனவே இங்கே வந்து தோற்றிருக்கிறார். அதைச் சொல்லாமல் இரண்டாவது மனு போட்டு, ஆலைக்குச் சீல் வைக்காமல் தடை வாங்கியிருக்கிறார்.

மனுதாரர் இறந்து ஐந்து மாதம். வாரிசாக அவள் நிற்கிறாள்.

நீதிபதி மனுவின் கடைசிப் பத்திக்குப் போனார். இதே விஷயத்துக்காக இதற்கு முன் எந்த நீதிமன்றத்திலும் மனு தாக்கல் செய்யவில்லை.

கீழே அவள் கணவர் அர்த்தநாரியின் கையெழுத்து. கோணலாக, இடது கையால் போட்டது.

அவளுடைய வக்கீல் கோதண்டம் திரும்பிப் பார்த்தார். மனு எழுதிய அன்றைக்கு அவர் தெளிவாகத்தான் கேட்டார், முன்னால் ஏதாவது கேஸ் போட்டீர்களா என்று. அவளும் தெளிவாகத்தான் சொன்னாள், இல்லை என்று.

"என்னையும் சேத்துக் கவுத்துட்டீங்களேம்மா."

பிறகு வக்கீலாகிவிட்டார். குரல் தணிந்தது. "சரி, ஒண்ணும் கெட்டுப்போகல. எல்லாம் அவர் பாத்தது, எனக்கு எதுவும் தெரியாதுங்கய்யான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. மன்னிப்புக் கேட்டா இரங்குவாரு. தடை இன்னும் கொஞ்ச நாள் நிக்கும். செத்தவரை யாரு என்ன பண்ண முடியும்?"

செத்தவரை யார் என்ன பண்ண முடியும்.

ஆத்தூர் ஜவ்வரிசி ஆலையின் பின்சுவரை ஒட்டி ஓர் அறை. அதில் ஒரு கட்டில். பக்கவாதம் வலப்பக்கத்தை எடுத்துக்கொண்ட பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தலைமாட்டு ஜன்னலை மூடாதே. மாவை மணி மணியாக உருட்டும் குலுக்கியின் சத்தம் காதில் விழ வேண்டும்.

படுத்தபடியே சொல்வார்: "மாவுல ஈரம் பத்தல, புள்ள. போய்ச் சொல்லு."

போய்ப் பார்த்தால் பத்தாமல்தான் இருக்கும்.

மாலை ஆறு மணிக்கு எந்திரத்தை நிறுத்துவார்கள். சத்தம் அடங்கியதும் கேட்பார்.

"கேஸ் என்னாச்சு, புள்ள?"

"வாய்தா போட்டிருக்காங்க."

முதல் மனு தள்ளுபடியாகி வீட்டுக்கு வந்த அன்றும் அதையேதான் சொன்னாள்.

மறுவாரம் வேறு வக்கீலாகக் கோதண்டத்தைப் பிடித்தாள். இன்னொரு கையெழுத்து வேண்டுமாம் என்று தாள்களை நீட்டினாள். அவர் படிக்கவில்லை. அவள் நீட்டிய எதையும் அவர் படித்ததில்லை.

தடை கிடைத்தது. அவர் இருந்த பதினான்கு மாதமும் குலுக்கி ஓடியது.

அவர் போன அன்று காலையிலும் ஓடியது. நிறுத்தப் போன மேஸ்திரியை அவள்தான் தடுத்தாள். அவரை எடுக்கும்வரை ஓடட்டும் என்றாள். ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்தது.

பார்த்தால் பார்க்கட்டும்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" நீதிபதி தமிழில் கேட்டார்.

கோதண்டத்தின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. தெரியாது. தெரியாது.

"தெரியுங்கய்யா," என்றாள். "மறைச்சது நானுங்க. மொதல் கேஸ் தோத்ததே அவருக்குத் தெரியாது. அவருகிட்டயும் மறைச்சுத்தான் கையெழுத்து வாங்கினேன்."

கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டார்.

"கோர்ட்டுல உண்மையை மறைச்சு வாங்கின தடை நிக்காதும்மா. தெரியுமா?"

"தெரியுங்க."

"வருத்தமாவது இருக்கா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல அது நல்ல இடம்தான்.

"இல்லைங்கய்யா. தீர்ப்பு எழுதறப்ப, அவர் மறைச்சார்னு மட்டும் எழுதிராதீங்க."

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு சுருக்கெழுத்தர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் உத்தரவைச் சொன்னார்.

கோதண்டம் துண்டு துண்டாகச் சொன்னார். மனு தள்ளுபடி. தடை ரத்து. அபராதம், அவள் பெயரில். வேண்டுமானால் மேல்முறையீட்டுக்குப் போகலாம். இந்தத் தடவை எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

"அவர் மறைச்சார்னு எங்கயாவது வந்துச்சுங்களா?"

"வரலம்மா. உங்க பேருதான் நாலு எடத்துல வருது."

கல்யாணப் பத்திரிகையில்கூட ஓர் இடத்தில்தான் வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் வரி அதிகாரிகள் அரக்கும் பூட்டுமாக வந்தார்கள். குலுக்கி ஓடிக்கொண்டிருந்தது. வந்ததில் இளையவர் தயங்கினார். "நாங்களே நிறுத்திக்கட்டுமாம்மா?"

"தொடாதீங்க."

தானே போய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

சீல் வைத்ததற்கான தாளை நீட்டினார்கள். நின்றபடியே கடைசி வரிவரை படித்தாள். அவர்கள் காத்திருந்தார்கள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

மணி ஆறு ஆனது. அடங்குவதற்குச் சத்தம் எதுவும் இல்லை.

காலிக் கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தோத்துட்டோங்க," என்றாள். "ரெண்டு தடவை."

விளக்கைப் போட்டாள். நீளத் தாள் ஒன்றை எடுத்து, மேல்முறையீட்டுக்கான விவரத்தை எழுத ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே அந்த இரண்டு தோல்வியையும் எழுதினாள்.

ஜன்னலை மூடவில்லை.