சுந்தரேஷ் சாரே குடுத்துட்டார்!

"சொசைட்டியில நாம ஒருத்தர்தான் இன்னும் பாக்கி, தெரியுமா?"

காந்திமதி காபி டம்ளரை வச்ச வேகத்துலயே ஜகந்நாதனுக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. இருந்தாலும், "எதுல பாக்கி?"ன்னு கேட்டார்.

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அந்த எலெக்‌ஷன் நிதி! நம்ம அபார்ட்மென்ட் சொசைட்டியில இருக்கற தமிழ்க்காரங்க அத்தனை பேரும் குடுத்தாச்சு. கீழ வாக்கிங் போறப்ப யாராவது அந்தப் பேச்சை எடுத்தா, சும்மா தலையாட்டிட்டு நகந்துடறேன். நாம குடுக்கலன்னு எந்த வாயால சொல்றது?"

ஜகந்நாதன் டெல்லியில கவர்ன்மென்ட் ஆடிட்டுல முப்பத்தி நாலு வருஷம் குப்பை கொட்டிட்டு ரிட்டயர் ஆனவர். சட்டுன்னு எதையும் நம்பிட மாட்டார்.

பத்து நாளைக்கு முன்னாடி அபிஷேக்னு ஒருத்தன் வந்தான். வெள்ளை குர்தா, நெத்தியில சின்னக் கீத்தா விபூதி. "தலைநகர் தமிழர் தேர்தல் நிதி"ன்னு ஒரு நோட்டீஸைக் குடுத்தான்.

"வர்ற முனிசிபல் எலெக்‌ஷன்ல நம்ம வார்டுல ஒரு தமிழரை நிறுத்தறோம் சார். தண்ணி வரலன்னு போய்ச் சொல்ல நமக்குன்னு ஒரு ஆளு வேணாமா?"

அது ஜகந்நாதனுக்குச் சுருக்குன்னு தைச்சது. போன கோடையில தண்ணி லாரி வரலன்னு கவுன்சிலர் ஆபீசுக்குப் போனார். இவரோட ஹிந்தியைக் கேட்டு அங்க இருந்தவங்க சிரிச்சதுதான் மிச்சம். நிஜமாவே ஒரு தமிழ் ஆளு ஜெயிச்சு வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!

ஆனாலும் வாய் சும்மா இருக்கல. "இது கட்சியா, டிரஸ்டா? ரிஜிஸ்டர் பண்ணியாச்சா? நிக்கப்போற ஆளு யாரு?"

"எல்லாம் ப்ராசஸ்ல இருக்கு சார்."

"சரி, பணம் யார் பேருக்குப் போகுது? இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணினா ஏதோ தனி ஆளு பேரு வருதே?"

"அது எங்க டிரெஷரர் சார். புது அக்கவுண்ட் ஓப்பன் ஆகற வரைக்கும்தான்."

"அப்ப அது ஓப்பன் ஆகட்டும். பேப்பரோட வாங்க, பாக்கலாம்"னு அனுப்பி வச்சுட்டார்.

நேத்து அபிஷேக் மறுபடியும் வந்தான். பேப்பர் ஒண்ணும் கொண்டு வரல. போற போக்குல ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லிட்டுப் போனான்: "சி பிளாக் சுந்தரேஷ் சாரே அம்பதாயிரம் குடுத்துட்டார் சார்."

அந்த வார்த்தைதான் ராத்திரி பூரா ஜகந்நாதனைத் தூங்க விடல. சுந்தரேஷை அவருக்கு சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் காலத்துலேர்ந்தே தெரியும். தேதி ஒண்ணு விட்டுப் போயிருந்தாலும் ஃபைலைத் திருப்பி அனுப்பற மனுஷன். காய்கறிக்காரன்கிட்ட தராசைக் கையில வாங்கிப் பாத்துட்டுத்தான் தக்காளியே வாங்குவார்.

"அவரை விட நீங்க புத்திசாலியா?" காந்திமதி விடறதா இல்ல. "காலம் பூரா அடுத்தவன் ஃபைல்ல ஓட்டை தேடித் தேடி, பாக்கறவன் எல்லாம் திருடனாத் தெரியுது உங்களுக்கு."

"கொஞ்சம் சும்மா இரேன்" என்றவர், எழுந்து போய் செக் புக்கை எடுத்தார். அம்பதாயிரம். அவருக்கு அது கிட்டத்தட்ட ஒரு மாசப் பென்ஷன். எழுதிக் கையெழுத்தும் போட்டு சட்டைப் பையில வச்சுக்கிட்டார். ஆனா கால் அபிஷேக்கோட நோட்டீஸ்ல இருந்த அட்ரஸுக்குப் போகல, சி பிளாக் பக்கம்தான் போச்சு.

லிஃப்டுல ஆரிப் இருந்தான். ஏர்போர்ட்ல வேலை பாக்கற ஆம்பூர்ப் பையன், நாலாவது மாடி.

"அங்கிள், நானும் இருபதாயிரம் போட்டுட்டேன். பாப்பா ஸ்கூல் அட்மிஷனுக்கு வச்சிருந்தது."

"அட, அதையா எடுத்தே? கொஞ்சம் விசாரிச்சுட்டுப் போடக் கூடாதாப்பா?"

"என்ன அங்கிள் தமாஷ் பண்றீங்க! உங்கள மாதிரி பெரியவங்க இருக்கறப்போ நாங்க தனியா என்ன விசாரிக்கறது?"

ஜகந்நாதனுக்குக் கூச்சமாப் போச்சு. இன்னும் குடுக்கலன்னு சொல்ல நாக்கு எழல. "அச்சா, அச்சா"ன்னு முனகிட்டு இறங்கிட்டார்.

சுந்தரேஷே கதவைத் திறந்தார். "வாங்கோ வாங்கோ, ஜகந்நாதன்! இந்த வெயில்ல எங்க இவ்வளவு தூரம்? மோர் சாப்பிடறேளா?"

"மோர் இருக்கட்டும் சார். அந்த எலெக்‌ஷன் நிதி விஷயமாத்தான் வந்தேன். நீங்க அம்பதாயிரம் குடுத்தது நிஜந்தானே?"

"ஆமா, போன வாரமே குடுத்துட்டேனே."

ஜகந்நாதனுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. "நல்லதாப் போச்சு. என் மனசு ஒரு மாதிரி குழப்பமாவே இருந்தது சார். நீங்க வாங்கிப் பாத்த பேப்பரை நானும் ஒரு பார்வை பாத்துட்டா, இதோ, செக்கை இன்னைக்கே குடுத்துடுவேன்."

"எந்தப் பேப்பர்?"

"ரிஜிஸ்ட்ரேஷன், பேங்க் விவரம் எல்லாம்... நீங்க கேக்காம இருந்திருப்பீங்களா?"

சுந்தரேஷ் அவர் நீட்டின செக்கைப் பாத்தார். அதுல இருந்த இன்னைக்குத் தேதியை ரெண்டு தடவை படிச்சார். முகத்துல இருந்த சிரிப்பு அப்படியே வடிஞ்சு போச்சு.

"கேக்கணும்னுதான் இருந்தேன்" என்றார் மெதுவா. "அப்பறம் அதுக்கு அவசியமே இல்லேன்னு விட்டுட்டேன்."

"ஏன் சார்?"

"மொதல் ஆளா நீங்கதான் குடுத்தேள்னு சொன்னானே!"