கண்ணாடி இல்லாத வீடு

“கட்டினவ உயிருக்குப் போராடிக்கிட்டிருக்கா. அவ கையைப் பிடிச்சுக்கறதை விட்டுட்டு பிரஷைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே தம்பி! நெஞ்சுல கொஞ்சமாவது ஈரம் இருக்கா?”

பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே அக்கா ஆரம்பித்துவிட்டாள். கட்டிலில் கிடப்பவள் அவளுடைய ஒரே தங்கை. ஆத்திரம் வராதா?

ஓவியர் கண்மூடிக் கிடந்த மனைவியை நிமிர்ந்து பார்த்தார். வர்ணத்தைக் குழைத்து ஒரு தீற்றல் தீற்றினார். மறுபடி நிமிர்ந்தார்.

“நல்லா இருக்கறவங்களையே உண்டு இல்லைன்னு பண்ணிடுவீங்க. இப்ப போய் இவ மூஞ்சியை…” அக்கா அழுதுவிட்டாள்.

அவள் பயந்ததிலும் நியாயம் உண்டு. ஓவியரின் பிரஷுக்குத் தாட்சண்யம் தெரியாது. யாரை உட்கார வைத்தாலும் முதல் நாள் ஒரு கோடுகூடப் போடமாட்டார். வீட்டுக்கதை, ஊர்க்கதை என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். எந்தப் பேச்சுக்கு முகம் மாறுகிறதோ, அந்த முகத்தைத்தான் மறுநாள் வரைவார். ஒரு முதலாளியை அவருடைய பயத்தோடு சேர்த்து வரைந்தார். படம் போன வேகத்தில் திரும்பி வந்தது.

அக்காவை வரைந்தபோது மூக்கு நுனிக் கோபத்தையும் விட்டுவைக்கவில்லை. கேட்டதற்கு, “இல்லாததையா வரைஞ்சேன் அண்ணி?” என்றார். அந்தப் படம் இன்றைக்கும் அவள் வீட்டு பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது.

அழுத முகத்தைக் கழுவக் குளியலறைக்குப் போனாள். குழாய்க்கு மேலே ஆணி மட்டும் இருந்தது. கண்ணாடியைக் காணோம். கூடத்திலும் இல்லை. பீரோ கதவுக் கண்ணாடி மேல் காக்கித்தாள் ஒட்டியிருந்தது.

ஒன்றும் புரியாமல் வந்து ஓவியரின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். படம் அப்போதுதான் கண்ணில் பட்டது.

கட்டிலில் கிடந்தவளுக்குக் கன்னம் ஒட்டி, கண் குழிவிழுந்து, உதடெல்லாம் வெடித்திருந்தது. முடி கொட்டிய தலையில் துணி கட்டியிருந்தது. படத்தில் இருந்தவள் தலையிலும் அதே துணிதான் கட்டியிருந்தது. ஆனால் கன்னத்தில் லேசாகச் சதை போட்டிருந்தது. கண்ணில் பழைய குறும்பு வந்திருந்தது.

“தம்பி, இது…”

ஓவியர் உதட்டில் விரல் வைத்து, அவளை வாசலுக்கு அழைத்துவந்தார்.

“போன மாசம் கண்ணாடியைப் பாத்துட்டா அண்ணி. அப்புறம் பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படலை. எல்லாத்தையும் கழட்டிட்டேன். ‘எப்படி இருக்கேன்’னு தினமும் கேப்பா. படத்தைத் திருப்பிக் காட்டுவேன். நேத்தைவிட இன்னிக்குக் கொஞ்சம் தேறின மாதிரி வரைஞ்சு வெச்சிருப்பேன். நான் பொய் வரையமாட்டேன்னு அவளுக்குத் தெரியுமே, நம்பிடறா. ரெண்டு வாய் சாப்பாடு இறங்குது.”

கொஞ்சம் நிறுத்தி, “வாழ்க்கையிலயே இப்பத்தான் பொய் வரையறேன்” என்றார்.

அக்காவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் பிரஷ் கழுவக் கொல்லைப்பக்கம் போனார். அக்கா கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். தங்கை கண் திறந்தாள்.

“அவரைத் திட்டினியாக்கா?”

“அதை விடு. படம் பாத்தேன்டி. அப்படியே நீதான்! நல்லாத் தேறிட்டே.” சொல்லிக்கொண்டே அக்கா போர்வையை இழுத்துவிட்டாள்.

தங்கை சிரிக்கப் பார்த்தாள். வெடித்த உதடு வலித்தது.

“உன்னையும் கூட்டு சேத்துக்கிட்டாரா?”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உனக்குத் தெரியுமா? கண்ணாடி எங்கடி கிடைச்சுது?”

“கண்ணாடி எதுக்குக்கா? நான் தூங்கறேன்னு நினைச்சு நிமிர்ந்து நிமிர்ந்து பாக்கறார் இல்ல? நான் எப்படி இருக்கேன்னு அவர் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு.”

“அப்புறம் எதுக்குடி நம்பற மாதிரி…”

“படம் வரையற நேரத்துல மட்டும்தான்க்கா அவர் அழறதில்லை.”

கொல்லைப்பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது.

“வரார். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கோ. உன் மூஞ்சியைப் பாத்தா கண்டுபிடிச்சிடுவார்.”

அக்கா திரும்பிக்கொண்டாள். பின்னால், இருக்கிற தெம்பையெல்லாம் கூட்டிக்கொண்டு தங்கை கூப்பிடுவது கேட்டது.

“என்னங்க, அந்தப் படத்தை இப்படித் திருப்புங்க. இன்னிக்கு எவ்வளவு தேறியிருக்கேன்னு பாக்கறேன்!”