கத்திக்குச் சங்கிலி

"கத்திக்குச் சங்கிலி போடப்போறாராம்" என்று மாக்கிறட் சொன்னபோது, சிவராணியின் கையிலிருந்த கட்டா மீன் பாதி வெட்டில் நின்றது.

"ஆர்?" என்றாள் அனுஜா.

"வேற ஆர், எங்கட முதலாளிதான். கத்தியில ஓட்டை போட்டு மேசையோட சேர்த்துக் கட்டப்போறார். தீட்டவெண்டு எங்கட கத்திகளை வாங்கிக்கொண்டு பழசுகளைத் தந்தாரெல்லோ? மூண்டு நாளா வீட்டில ட்ரில் மெஷினோட மாரடிக்கிறாராம்."

"கட்டத்தான் வேணும். முன்னம் இந்த வாடியில ஒண்டும் துலைஞ்சதில்லையே."

சொன்ன அனுஜா சிவராணியைப் பார்க்கவில்லை. மற்ற மூன்று பேரும் பார்த்தார்கள்.

அரிப்புக் கடற்கரையில் மீன் வெட்டிக் காயவைக்கிற கொட்டில், முதலாளி பத்திநாதனின் கருவாட்டு வாடி. மீன் வெட்டுவது ஐந்து பெண்கள், ஆளுக்கொரு நிற டேப் சுற்றிய ஐந்து கத்திகள். நாலு பேர் ஊர்க்காரர். சிவராணி மட்டும் நறுவிலிக்குளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவள் 'வாங்க' என்றால் மற்றவர்கள் 'வாங்கோ' என்று திருத்திச் சிரிப்பார்கள். அதை அவள் பெரிதாக எடுப்பதில்லை.

அவள் வேலைக்கு வந்த இரண்டு மாதத்துக்குள் இரண்டு கத்திகள் காணாமல் போனதுதான் வினையாகிவிட்டது. ஒன்று மாக்கிறட்டினது, மற்றது அனுஜாவினது. போன கிழமை அனுஜா பகிடிபோல அவளுடைய சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தாள். சிவராணியும் சிரித்துவைத்தாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அழுதாள்.

பத்திநாதன் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நெத்தலி குறைந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர் வாயே திறக்காமல் இருந்தது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. நாய்க்குப் போடுகிற சங்கிலியைக் கத்திக்குப் போடுகிறார். யாரை நினைத்துப் போடுகிறார் என்று வாடிக்கே தெரியும்.

வயலில் அறுவடை முடிந்துவிட்டது. இதை விட்டால் வேறு கூலி வேலை இல்லை. இருந்தாலும், வேலை முடிந்ததும் அவள் பஸ்ஸுக்குப் போகாமல் நேரே முதலாளி வீட்டுக்கு நடந்தாள்.

முற்றத்துப் பூவரச மரத்தின் கீழே பத்திநாதன் குந்தியிருந்தார். பலகையில் ஒரு கத்தி இறுக்கிக் கட்டியிருந்தது. அதன் மேல் ட்ரில் மெஷினை நெஞ்சால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"முதலாளி, நாளைலருந்து நான் வரல. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"கொஞ்சம் பொறுங்கோ. இது கடைசிக் கத்தி. இடையில விட்டா இரும்பு திரும்பப் பிடிக்காது."

வேறு வழியில்லாமல் நின்றாள். மெஷின் மெல்லமாகச் சுற்றியது. அவர் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டார், அழுத்தினார், மறுபடி ஒரு சொட்டு. புகை வந்தது. துளை மட்டும் வரக் காணோம். பக்கத்தில் முறிந்த ட்ரில் பிட்டுகள் நாலு கிடந்தன. அவருடைய பெருவிரலில் துணி சுற்றியிருந்தது.

கோபத்தோடு வந்தவள்தான். ஆனாலும் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நெருப்புல காட்டி இளக்கிட்டுத் துளைக்கலாமே?"

"மரம் அரியிற பழைய மெஷின் வாளில அடிச்ச கத்தி. சரியான உருக்கு. நெருப்பில காட்டினா பதம் போயிடும். பிறகு மொட்டைக் கத்தியோட வெட்டிற ஆக்களுக்குத்தான் கை நோகும். தரைக்குப் பதிக்கிற ரைல்ஸ் துளைக்கிற பிட் வாங்கினாப் பிறகுதான் கொஞ்சமெண்டாலும் வழிக்கு வந்தது."

"அப்போ பிடியில ஓட்டை போட்டிருக்கலாம். அது மரந்தானே?"

"உப்புத் தண்ணியில மரம் உக்கிப்போகும். ஒரு மாசத்தில சங்கிலி தனியாக் கழண்டு வந்திடும்."

எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்கிறார்.

"ஒரு ஆள நம்பாததுக்கு இவ்வளவு பாடா, முதலாளி?"

அவர் இன்னும் ஒருமுறை அழுத்தினார். சட்டென்று பிட் உள்ளே இறங்கியது. மெஷினை நிறுத்தித் துளையை வாயால் ஊதினார். பிறகு சாக்குக்கு அடியிலிருந்து துருப்பிடித்த ஒரு கத்தியை எடுத்துக் காட்டினார். பிடியில் மாக்கிறட்டின் சிவப்பு டேப்.

"போன ஞாயிறு தண்ணி வத்தினபோது கண்டெடுத்தனான். நாங்கள் மீன் குடல் கொட்டிற இடத்தில கிடந்தது. குடல் கூடைக்குள்ள விழுந்ததைக் கவனிக்காமல் அப்பிடியே கொண்டுபோய்க் கொட்டியிருக்கினம். மற்றதும் அப்பிடித்தான் போயிருக்கும்."

சிவராணி திகைத்துப்போனாள். "இத அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா என்ன சொல்லுவினம் தெரியுமோ? பயத்தில நீங்கள்தான் கொண்டுபோய்ப் போட்டனீங்கள் எண்டு சொல்லுவினம். மனசில விழுந்த சந்தேகத்தை ஒரு துருக்கத்தியைக் காட்டி எடுக்கேலாது."

கடைசிக் கத்தியை அவிழ்த்து, சாக்கின் மேல் மற்றவற்றோடு வைத்தார். புதுச் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை. நாலு டேப், நாலு கத்தி, நாலு துளை. சிவராணி தன்னுடைய நீல டேப்பைத் தேடினாள். அது தனியாக ஓர் ஓரத்தில் இருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தீட்டித் துடைத்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

"இதுல ஓட்டை போடலியா?"

"அதுக்குத் தேவையில்லை."

"ஏன்?"

பத்திநாதன் பெருவிரல் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"உங்கட கத்தி துலைஞ்சா ஆரும் உங்களைப் பார்க்க மாட்டினம். மற்றவையின்ர துலைஞ்சாத்தானே பார்க்கினம். இனித் துலையாது."