பதினோரு மணித் திணறல்

ஆரணியில் அந்தப் பட்டுக்கடையின் நடுவே சுவர் எழுப்பிப் பத்து வருடம். அண்ணன் வேணுகோபாலும் தம்பி ஏகாம்பரமும் பேசுவதில்லை. கம்ப்யூட்டர் சர்வர் மட்டும் பொது. அது தினமும் பதினோரு மணிக்குத் திணறியது.

"ரெண்டு கடை கம்ப்யூட்டரும் என்ன செஞ்சதுன்னு லாக்ல, அதான் பதிவுல இருக்கும்ங்க. ஒரே கமாண்டுல சேர்க்கலாம், வேண்டாததை வெட்டலாம்," என்றாள் சரிபார்க்க வந்த லாவண்யா.

"அவன் கணக்கும் என் கணக்கும் சேரக் கூடாதும்மா," என்றார் வேணுகோபால். "குடும்ப மானம் போயிடும்."

"நேத்தே சேர்த்துட்டேங்க. பதினோரு மணிக்கு உங்க ரூம்லயும் உங்க தம்பி ரூம்லயும் ஆன்லைன் கேரம் ஓடிகினு இருக்குது. ரெண்டும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு ஒரே நேரத்துல முடியுது."

வேணுகோபால் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அந்த ஒரு மணி நேரத்தை வெட்டிடு."

"சரிங்க."

"லாக்ல மட்டும். ஆட்டத்துல கை வைக்காத."