அடுப்படி வசனம்

வெள்ளிக்கிழமை, ஆம்பூர்த் தோல் கம்பெனிக்கு விடுமுறை. பிரியாணி உண்ட மதியத்தில் சமீருல்லா பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிறார். சாயம் ஏறிய நகம் ரிமோட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. நடிகர்கள் வாய் திறக்கும் முன்பே வசனத்தைச் சொல்லிவிடுவது மனைவி ஷாகிராவின் வழக்கம். ரம்ஜானுக்கு வந்திருந்த சம்பந்திகள் எதிரில், “வாய மூடிக்கினு பாக்க மாட்டியா?” என்று சமீருல்லா அவள்மேல் எரிந்து விழுந்தார். அன்றிலிருந்து அவள் டிவி முன்னால் உட்காருவதில்லை. “ஷாகிரா, ஒனக்குப் புடிச்ச கோர்ட்டு சீனு வருது, வா.” “வேலை ஜாஸ்தி கீது. நீங்களே பாருங்க.” அடுப்படியில் பிரியாணி ஆக்கிய தேக்சாவைத் தேய்க்கும் சத்தம் நிற்கிறது. கதாநாயகி பேசுவதற்கு ஒரு நொடி முன்னால் அங்கிருந்து முணுமுணுப்பு எழுகிறது. அதை நன்றாகக் கேட்கும் ஆசையில் சமீருல்லா டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைக்கிறார். அவள் குரல் மட்டும் தனியாக அரை வசனம் ஒலித்து, சட்டென்று அடங்குகிறது. தேக்சாவைத் தேய்க்கும் சத்தம் மறுபடி கேட்கிறது, முன்னைவிட வேகமாக.