பேஷ்கார் கொடுத்த விதை

தெருவே கோடி வீட்டுப் பூணூல் கல்யாணத்தில் பந்தி உட்கார்ந்திருந்த நேரம். சேஷன் மட்டும் பட்டப்பகலில் அடுத்த வீட்டுக் கொல்லையில், மதில் ஓரமாகக் குனிந்து, திருட்டு முழியோடு எதையோ அள்ளி அள்ளி மேல்வேஷ்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

கரமனை அக்ரகாரத்தில் ஒருவன் போளியையும் பாயசத்தையும் விட்டுவிட்டு நழுவினால், ஒன்று வயிற்றில் கோளாறு, இல்லாவிட்டால் உத்தியோகத்தில் கோளாறு. சேஷனுக்கு இரண்டாவது.

எல்லாம் ஒரு பூவால் வந்த வினை. சர்க்கார் கச்சேரியில் ஹெட்கிளார்க் நாற்காலி காலியானதும், சேஷன் ஒரு நேந்திர வாழைக்குலையைச் சுமந்துகொண்டு மேலதிகாரியான பேஷ்கார் ராமசுப்ரமணிய ஐயரின் பங்களாவுக்குப் போனான். அங்கே காசித்தும்பை, ரோஜா மாதிரி அடுக்கடுக்காகத் தோட்டம் முழுக்கப் பூத்துக் கிடந்தது. நாலு ஆட்கள் வேர்க்க விறுவிறுக்க மண்வெட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். பூவுக்கு என்ன பராமரிப்பு, என்ன பராமரிப்பு என்று சேஷன் வாய் ஓயாமல் புகழ்ந்தான்.

பேஷ்கார் சற்று நேரம் அவனையே பார்த்தார். உள்ளே போய்ப் பெரிய பொட்டலமாக விதை கொண்டுவந்து கையில் வைத்தார்.

"பெங்களூர் விதையாக்கும். உமக்கு மாத்திரம் தரேன். ஆர்ட்டயும் மூச்சு விடப்படாது, கேட்டீரா?"

சேஷனுக்கு ஹெட்கிளார்க் உத்தரவே கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. விதைத்தான். ஒரு மழைதான் பெய்தது. காய் முற்றி, தொட்டால் டப்பென்று வெடித்து, கீரைப்பாத்தி, தொழுவம், கிணற்றடி என்று கொல்லை முழுக்கச் செடி.

"துளசி எங்கேன்னு தேடிப் பிடிச்சுப் பிரதட்சிணம் பண்ண வேண்டியிருக்கு. நாலைப் பிடுங்கிப் போட்டுடட்டுமா?" என்றாள் அவன் மனைவி நீலாம்பாள்.

"பேஷ்கார் பூவில கை வெச்சா என் உத்தியோகத்தில கை வெச்சாப்பல!" என்று குதித்தான் சேஷன். பாவம், கீரை இல்லாமலே அந்த வீட்டில் மாதக்கணக்காகச் சமையல் நடந்தது.

இன்று காலையில்தான் தலையில் இடி விழுந்தது. அடுத்த வீட்டு நாகேஸ்வரன் தன் பக்கம் மதிலை ஒட்டிக் கட்டியிருந்த ஓலைத்தட்டி மழையில் சரிந்திருந்தது. எட்டிப் பார்த்தால், அங்கேயும் அதே பூ!

நாகேஸ்வரனும் அதே கச்சேரி. அதே நாற்காலிக்கு அடி போடுகிறவன். விதை மதில் ஏறிக் குதித்துவிட்டது என்று சேஷனுக்குப் புரிந்துபோயிற்று. பூணூலுக்கு வந்த பேஷ்காரோ, "ஊணு ஆனதும் ஆத்தங்கரை வழியா உங்க கொல்லைப் பக்கம் வரேன்" என்று வேறு சொல்லிவிட்டார். நாகேஸ்வரன் கொல்லையில் பூவைப் பார்த்தால் என்ன நினைப்பார்? ஒரு பொட்டல ரகசியத்தைக் காக்கத் தெரியாதவனுக்கு ஹெட்கிளார்க் வேலையா என்று கேட்கமாட்டாரா?

அதனால்தான் இந்தக் களையெடுப்பு. கடைசிச் செடியையும் பிடுங்கிவிட்டு நிமிர்ந்தான். கை நின்ற பிறகும் டப், டப் என்று காய் வெடிக்கும் சத்தம் நிற்கவில்லை. அது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவனுடைய கொல்லையிலிருந்தே வந்தது.

எட்டிப் பார்த்தான். கை நிறையச் செடியோடு நாகேஸ்வரன் நின்றான். சேஷனின் கொல்லை மொட்டையாகக் கிடந்தது.

"ஓய்! எங்காத்துக் கொல்லையில உமக்கென்ன வேலை?"

"எங்காத்துக் கொல்லையில உமக்கென்ன வேலை?" என்று பதிலுக்குச் சீறிய நாகேஸ்வரன், மறுகணமே அழாத குறையாகிவிட்டான். "பேஷ்கார் எனக்கு மாத்திரம்னு குடுத்த விதை, ஓய். எப்படியோ மதில் தாண்டி உம்மாத்துக்கு வந்துடுத்து. நான்தான் உமக்குக் குடுத்தேன்னு அவர் நெனைச்சுட்டா என் கதி?"

"உமக்கு மாத்திரமா?" சேஷன் வாயைப் பிளந்தான்.

பிளந்த வாய் மூடவில்லை. ஆற்றங்கரைப் படலைத் திறந்துகொண்டு பேஷ்காரே வந்து நின்றார். மொட்டையாகக் கிடந்த இரண்டு கொல்லைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு செடி பாக்கியில்லையே! நீங்க பண்ணின வேலையா இது?"

"க்ஷமிக்கணும்..." என்று இருவரும் ஒரே குரலில் இழுத்தார்கள்.

"நாளைலேருந்து ரெண்டு பேரும் கச்சேரிக்கு வரவேண்டாம்."

நாகேஸ்வரன் கையிலிருந்த செடிகள் நழுவிக் கீழே விழுந்தன. ஹெட்கிளார்க் நாற்காலி போகட்டும், இருக்கிற முக்காலியும் போயிற்றே என்று சேஷன் தலையில் அடித்துக்கொண்டான்.

பேஷ்கார் பெருமூச்சு விட்டார். "நாலு ஆளைப் போட்டுப் பார்த்தேன், இந்தச் செடி ஒழியலே. பூ நன்னாயிருக்குன்னு சொன்னவா தலையிலெல்லாம் கட்டிப் பார்த்தேன், அப்பவும் ஒழியலே. நீங்க ரெண்டு பேரும் விடிஞ்சதும் மண்வெட்டியோட நேரே நம்மாத்துத் தோட்டத்துக்கு வந்துடுங்கோ!"