ஓட்டை இல்லாத மீன்கொத்தி

தோட்டத் தொழிலாளர் லயத்து வாசற்படியில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. டொரீன் பால்மா டின்னின் மூடியை நெம்புகிறாள். வழக்கமாக மூடியின் நடுவில் இருக்கும் ஆணித்துளை இன்று விளிம்போரம் இருக்கிறது. காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்காக யாரும் டின்னைப் பதுக்கி வைக்கக் கூடாதென்று, விற்கும்போதே ஆணியால் குத்தித் தரச் சொல்லி சர்க்கார் உத்தரவு. “மூடிக்குக் கீழயே படச்சீட்டு இருக்குண்ணே, ஓரமா அடிங்க” என்று புக்கிட் ரோத்தான் ஊர்க் கடைக்காரர் கார்த்திகேசுவிடம் அவள் பல மாதமாகக் கெஞ்சியிருக்கிறாள். வாசலில் நின்ற போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, இன்றுதான் கடைக்காரர் ஆணியை நகர்த்தி வைத்தார்.

மாவைத் தட்டிவிட்டு அவள் நீட்டும் சீட்டில் ஒரு மீன்கொத்தி, நீலம் கொஞ்சமும் கலையாமல். மகள் லில்லியனுக்கு ஐந்து வயது. தன் பதினொரு பறவைச் சீட்டுகளையும் படியில் பரப்பி வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஓட்டை. புதுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். வெயிலுக்கு நேராகப் பிடிக்கிறாள். கட்டைவிரலால் தேய்க்கிறாள்.

“இதுல ஓட்டையக் காணோமேம்மா. கடைக்காரரு கள்ளச் சீட்டு குடுத்துட்டாருலா.”

“அதுதாண்டி நல்ல சீட்டு.”

“மத்ததுக்கெல்லாம் இருக்கே?”

குழந்தையின் உதடு பிதுங்குகிறது. ரோட்டில் ஒரு லோரி மேடேறிப் போகிறது. டொரீன் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, மீன்கொத்தியின் நெஞ்சில் வைத்து அழுத்துகிறாள். லில்லியன் சீட்டை வாங்கி, ஓட்டையில் கண்ணை வைத்து, லயத்தைச் சுற்றியிருக்கும் முள்வேலியைப் பார்க்கிறாள்.

“இப்பச் சரி.”